கையைத் தூக்கும் பையன்

ஆகஸ்ட் 20

ஹாலில் இருக்கும் கடிகாரத்தைக் கிழக்குச் சுவரிலிருந்து தெற்குச் சுவருக்கு மாற்றுவது என்று இன்று காலை முடிவெடுத்தேன். அவசரப்பட்டு எடுத்ததல்ல. கிழக்குச் சுவரில் இருந்தவரை, சாப்பிட உட்காருகிறவர் கழுத்தைத் திருப்பித்தான் மணி பார்க்க வேண்டியிருந்தது. இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து குடும்பமே கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. இரு தரப்பு வாதங்களையும் நானே வைத்து, நானே மறுத்து, நானே தீர்ப்பு சொன்னேன். எதிர்ப்பு எதுவும் எழவில்லை. வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன். கோகிலா ஜூன் கடைசியிலிருந்து கோபியில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள்.

ஆணி அடித்ததில் தெற்குச் சுவரில் காரை பெயர்ந்தது. கிழக்குச் சுவரில் கடிகாரம் இருந்த இடம் வெளுத்த வட்டமாகத் தெரிகிறது. அதை மறைக்க ஒரு காலண்டர் வேண்டும். ஒரு முடிவு இன்னொரு முடிவைக் கேட்கிறது. அரசாங்கங்கள் இப்படித்தான் கவிழ்கின்றன.

ஆகஸ்ட் 22

கோகிலாவின் தம்பி மயில்சாமி போன் செய்தான்.

"மச்சான், அக்கா மாசக் கடைசீல அங்க வருதுங்க. அதுக்குள்ள பையன் துணிமணியெல்லாம் எடுத்துப் போட்ருங்க. பாத்துச்சுன்னா மறுக்கா மொதல்ல இருந்து ஆரம்பிச்சுக்கும்."

"எடுத்து எங்கடா போடறது?"

"ஆத்துல உட்ருங்க. எல்லாரும் அதானுங்க பண்றாங்க."

காவிரியில் ஈரோடு விடுகிறவை ஏற்கெனவே நிறைய இருக்கின்றன என்றேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

பரிதிக்குப் பதினோரு வயது. ஜூன் மாதம் காய்ச்சல் என்று படுத்தான். அந்த வாரத்துக்குள் எல்லாம் முடிந்தது. டெங்கு. பின்னால் யாராவது படித்தால் விவரம் குறையக்கூடாது என்பதற்காக எழுதிவைக்கிறேன். நூலகராக வேலை பார்ப்பவனுக்கு இந்தப் பழக்கம் போகாது.

ஆகஸ்ட் 24

துணிகளை ஒரு பையில் கட்டி, குழந்தைகள் காப்பகத்துக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த அம்மாள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

"எல்லாம் புதுசாட்டமே இருக்குதுங்களே. பையனுக்குச் சின்னதாயிருச்சுங்களா?"

"ஆமாங்க."

"இந்த வயசுல கிடுகிடுன்னு வளந்துருவாங்க. இப்ப எத்தனாவது படிக்குதுங்க தம்பி?"

எனக்கு நூலகத்துக்கு நேரமாகிவிட்டிருந்ததால் பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 26

பையை எங்கே சேர்ப்பது என்பதற்கு வழி கிடைத்துவிட்டது.

ஏற்காட்டில் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளிப் 'பொம்மையூர்' என்று ஓர் இடம் உண்டு. சேலத்தில் மில் ஃபிட்டராக இருந்த மாசிலாமணி என்பவர், ஓய்வுபெற்ற பிறகு யாரும் கேட்காமலே கட்டியது. பெரிய தகரக் கொட்டகைக்குள் ஒரு முழு ஊர். ஆள் அளவுக்குப் பொம்மைகள். ஒரே மோட்டார், ஒரே பெல்ட். சுவிட்சைப் போட்டால் ஊரே எழுந்து வேலை செய்யும். நீதிபதி இரு தரப்புக்கும் தலையாட்டுவார். முடிதிருத்துகிறவர் ஒரே கன்னத்தைச் சவரம் செய்துகொண்டே இருப்பார். மாப்பிள்ளை தாலியைப் பெண்ணின் கழுத்துவரை கொண்டுபோய்த் திரும்பிவிடுவான். அங்கே எந்த வேலையும் முடிவதில்லை என்பதைத் தவிர, அது எல்லா வகையிலும் ஓர் ஊர்தான்.

சின்ன வயதில் ஒவ்வொரு மே மாதமும் அப்பா என்னைக் கூட்டிப் போவார். பொம்மைகளுக்குத் துணி வாங்குவதில்லை. வருகிறவர்கள் கொடுத்துவிட்டுப் போகும் பழைய துணிதான். ஒரு வருடம் எனக்குச் சின்னதாகிவிட்ட கட்டம் போட்ட சட்டையைக் கொடுத்தோம். அடுத்த வருடம் போனபோது டீக்கடைப் பெஞ்சில் ஒருவன் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்குப் பட்டம் கொடுத்தபோதுகூட நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

பள்ளிக்கூடமும் உண்டு. வாத்தியார் கரும்பலகையைப் பார்த்தபடி எழுதிக்கொண்டிருப்பார். கடைசிப் பெஞ்சில் ஒரு பையன் கையைத் தூக்குவான், இறக்குவான், மறுபடி தூக்குவான். வாத்தியார் திரும்பவே மாட்டார். அவனுக்கு 'ஒண்ணுக்குப் பையன்' என்று பெயர். எங்களுக்கு அதைவிடப் பெரிய நகைச்சுவை உலகத்தில் இருக்கவில்லை.

பரிதிக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். அதிலிருந்து வீட்டில் இன்னொரு தோசை வேண்டுமென்றாலும் கையைத் தூக்கிவிட்டுத்தான் கேட்பான். நான் வேண்டுமென்றே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். தோசை ஆறுகிறது என்று கோகிலா இருவரையும் திட்டுவாள். இந்த மே மாதம் அவனை அங்கே கூட்டிப் போவதாக இருந்தது. நூலகத்தில் இருப்புக் கணக்கெடுப்பு வந்துவிட்டது.

பொம்மைகள் எத்தனாவது படிக்கிறான் என்று கேட்பதில்லை. போன் செய்து விவரம் கேட்டேன். பார்சல் அனுப்பிவிட்டேன்.

செப்டம்பர் 3

கோகிலா வந்துவிட்டாள். சாப்பிடும்போது கழுத்தைத் திருப்பிக் கிழக்குச் சுவரைப் பார்த்தாள்.

"ஏனுங்க, கடியாரம்?"

"இந்தப் பக்கம் மாத்திட்டேன். பாக்க வசதியா இருக்கும்."

"செரி."

இரவுச் சாப்பாட்டின்போதும் கிழக்குச் சுவரைத்தான் பார்த்தாள். அரை இட்லி சாப்பிட்டாள்.

செப்டம்பர் 17

நூலகத்தில் சிறுவர் பிரிவில் கதை சொல்லும் நிகழ்ச்சி. நான் அந்தப் பக்கம் போகவில்லை. வேலை இருந்தது.

அக்டோபர் 23

ஆயுத பூஜை. எல்லா அலமாரிக்கும் சந்தனம் வைத்தோம். இன்று ஒருநாள் புத்தகத்தைத் தொட்டுப் படிக்கக் கூடாது என்பது மரபு. மற்ற நாட்களில் மக்கள் இதை மரபின் உதவி இல்லாமலே கடைப்பிடிக்கிறார்கள்.

கோகிலா பொரி கடலையை ஒரு தட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடவில்லை.

நவம்பர் 12

தீபாவளி. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தபோது, பரிதியின் பீரோ திறந்திருந்தது. கோகிலா அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். வந்ததிலிருந்து அவள் அதைத் திறந்ததில்லை.

"எங்கீங்க?"

"பத்திரமா இருக்கு."

"எங்க பத்திரமா?"

"ஏற்காட்டுல."

"ஏற்காட்டுல நம்முளுக்கு ஆரு இருக்கறா?"

பொம்மையூருக்கு அனுப்பிய விவரத்தைச் சொன்னேன். காரணங்களையும் வரிசையாகச் சொன்னேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்து, அதற்கான பதில்களையும் தயாராக வைத்திருந்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அவனக் கூட்டிட்டுப் போறேன், கூட்டிட்டுப் போறேன்னீங்க" என்றாள். "துணிய மட்டும் அனுப்பிச்சுட்டீங்க."

இதற்குப் பதில் தயாராக இல்லை. வெளியே வெடிச் சத்தமும் அதிகமாக இருந்தது.

நவம்பர் 19

துணிகளைத் திரும்ப வாங்கிவர வேண்டும் என்று கோகிலா சொன்னதால், ஏற்காட்டுக்குப் போய்வந்தோம். கொண்டை ஊசி வளைவுகளில் முன்சீட்டுக்காரர் முறைப்படி வாந்தி எடுத்தார். குளிர் இருந்தது. ஏரி இருந்தது. நான் சின்ன வயதில் பார்த்தவற்றில் விலை மட்டும் மாறியிருந்தது.

பொம்மையூர் வாசலில் மாசிலாமணியின் மகள் எஸ்தர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். தலையில் மஃப்ளர். அப்பா போன பிறகு இவர்தான் நடத்துகிறார். பெயரைச் சொன்னதும் எழுந்துவிட்டார்.

"அட, ஈரோட்டு சாரா? வாங்க, வாங்க. கையத் தூக்கற பையனுக்குத்தான் போடணும்னு போன்ல அவ்வளவு தரம் சொன்னீங்களே, அப்படியே போட்டிருக்கேன் சார். அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு."

கோகிலா என்னைப் பார்த்தாள். நான் டிக்கெட்டின் பின்பக்கத்தில் உள்ள விதிமுறைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். இந்த விவரம் முக்கியமில்லை என்பதால் ஆகஸ்டில் எழுதவில்லை.

மின்சாரம் வரும்வரை காத்திருந்தோம். அரை இருட்டில் ஊர் முழுக்கச் செத்தமாதிரி நின்றது. பிறகு மோட்டார் உறுமியது. நீதிபதி தலையாட்டினார். மாப்பிள்ளை தாலியைக் கொண்டுபோனான். பள்ளிக்கூடத்தில் கடைசிப் பெஞ்சில் பரிதியின் நீலச் சட்டை கையைத் தூக்கியது. அவனுடைய பிறந்தநாள் சட்டை அது. கை கொஞ்சம் நடுங்கி மேலே போனது. பெல்ட் தளர்ந்திருக்க வேண்டும். இறங்கியது. மறுபடி தூக்கியது.

வாத்தியார் எழுதிக்கொண்டிருந்தார்.

மோட்டார் புகை எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். "கரண்ட் மோட்டார்ல ஏது சார் பொக?" என்று எஸ்தர் கேட்டது காதில் விழுந்தது. கொஞ்ச நேரம் யூகலிப்டஸ் மரங்களைப் பார்த்தேன். பிறகு கோகிலா தனியாக இருப்பாளே என்று உள்ளே போனேன்.

அவள் பெஞ்சுக்குப் பின்னால் போயிருந்தாள்.

"பின்னால கிழிச்சிருக்கறீங்க" என்றாள்.

"பொம்மைக்குக் கை மடங்காதுக்கா" என்றார் எஸ்தர். "முதுகுல வகுந்து மாட்டி, ஆணி அடிச்சாத்தான் நிக்கும். எல்லாத்துக்கும் அப்படித்தான். இப்ப உருவினா நார்நாராப் போயிரும்."

கோகிலா முன்பக்கம் வந்து நின்று பார்த்தாள்.

"செரி, இருக்கட்டும்" என்றாள். "முன்னால நல்லாத்தான் இருக்குது."

"போகி வரைக்கும் இருக்கும்க்கா. போகியன்னைக்கு எல்லாருக்கும் உருவிப் போட்டுக் கொளுத்திட்டு, அதுவரைக்கும் வந்த துணிய மாட்டுவோம். அப்பா வெச்ச வழக்கம்."

நாங்கள் மே மாதங்களில் மட்டுமே வந்ததால் இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. என் கட்டம் போட்ட சட்டையும் அப்படித்தான் போயிருக்க வேண்டும்.

"இவனுக்கு மட்டும் கொளுத்த வேண்டாமுங்க" என்றாள் கோகிலா.

"அதுக்கென்னக்கா. இவன விட்டுடறேன். நீங்க வந்து பாத்துட்டுப் போங்க, டிக்கெட்டெல்லாம் வேண்டாம்."

திரும்பும் பஸ்ஸில் கோகிலா, எஸ்தர் திருப்பிக் கொடுத்த மற்றத் துணிகளை மடியில் வைத்து, ஜன்னலைப் பார்த்தபடி பேசினாள்.

"ஆஸ்பத்திரீலயும் கையத் தூக்குனானுங்க. கடைசீல. பேச்சு வரல, கை மட்டும் வந்துது. உங்களத்தான் தேடுனான்."

நான் டாக்டரைக் கூப்பிட வெளியே போயிருந்த நேரம் அது. எனக்குத் தெரியாத தகவல்.

டிசம்பர் 3

கோகிலா மட்டும் ஏற்காடு போய்வந்தாள். கிளம்பும்போது தையல் டப்பாவை எடுத்துக்கொண்டாள். சட்டையின் முதுகுப் பக்கம் ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, விளிம்பு மடித்து, கொக்கி வைத்துத் தைத்தாளாம். ஜாக்கெட்டுக்கு வைக்கும் கொக்கி. இனிமேல் கிழிக்காமல் கழற்றலாம், துவைத்துப் போடலாம் என்றாள்.

துவைப்பதற்கு அவன் எங்கே புழுதியில் விளையாடினான் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

டிசம்பர் 10

மறுபடியும் போனாள். வந்ததும் அரிசியும் பருப்பும் சாதம் வைத்தாள். ஜூனுக்குப் பிறகு இந்த வீட்டில் தாளிப்பு வாசம் வருவது இதுதான் முதல்முறை. அவளும் தட்டு வைத்து உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு ஒரு பொட்டப்புள்ள வந்துச்சுங்க, இத்தனூண்டு. வாத்தியாரப் பாத்து, யோவ், அந்தண்ணன் எத்தன நேரமாக் கையத் தூக்குது, திரும்ப மாட்டியான்னு கேட்டுச்சு. எஸ்தரு சிரிச்ச சிரிப்புல டிக்கெட்டுக் கட்டையே கீழ போட்டுட்டா."

சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். நெய் ஊற்றிக்கொண்டாள்.

இது நல்ல அறிகுறி அல்ல. துக்கம் பற்றி நூலகத்தில் உள்ள புத்தகங்களை எடுத்துப் படித்துவருகிறேன். பொருள்களின் மீது பற்றுவைப்பது குறித்து ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. அதை எழுதியவர் மிக உறுதியாக எழுதியிருக்கிறார். அவருக்குக் குழந்தைகள் உண்டா என்று பின்னட்டையில் போடவில்லை.

டிசம்பர் 24

"அடுத்த வாரம் நீங்களும் வாங்க" என்றாள் கோகிலா.

"நூலகத்துல ஸ்டாக் எடுக்கணும்."

"அவனுக்கும் இதையேதான் சொன்னீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

டிசம்பர் 31

கோகிலா ஏற்காட்டில். நான் வீட்டில். ஸ்டாக் எதுவும் எடுக்கவில்லை. பகலில் கொஞ்சம் படுத்தேன். கண்ணை மூடினால் அந்தக் கை மேலே போகிறது. திறந்துவைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஜனவரி 8

இன்று இரண்டாவது முக்கியமான முடிவை எடுத்தேன். நன்கு யோசித்தேன். கோகிலா ஒரு பொம்மையைப் பார்க்க வாராவாரம் மலையேறுகிறாள். போன வாரம் அதற்கு ஸ்வெட்டர் பின்ன நூல் வாங்கினாள். குளிர் அங்கே அதிகம் என்கிறாள். இதை இப்படியே விட்டால் எங்கே போய் நிற்கும்? படித்தவன் ஒருவன் வீட்டில் இருந்துகொண்டு பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நூலகத்திலிருந்து எஸ்தருக்குப் போன் செய்தேன். போகிக்கு வழக்கப்படி எல்லாப் பொம்மைக்கும் மாற்றிவிடுங்கள், அந்தப் பையனுக்கும் சேர்த்து, என்றேன்.

"அக்கா வேண்டாம்னாங்களே சார்?"

"அவளே இப்ப அதுதான் நல்லதுங்கறா. உங்ககிட்டச் சொல்ல அவளுக்குச் சங்கடம்."

"நெஜமாவா சார்? போன வாரங்கூட அவன் தலைய வாரிவிட்டுட்டுப் போனாங்க."

"அதனாலதான்."

அந்தப் பக்கம் யாருக்கோ டிக்கெட் கிழிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "செரிங்க சார், நீங்க சொன்னா செரிதான்" என்றார்.

கை தூக்குவதை யாராலும் நிறுத்த முடியாது என்று எனக்குத் தெரியும். சட்டையாவது வேறு யாருடையதாகவோ இருக்கட்டும்.

ஜனவரி 14

போகி. தெருவில் டயர் கொளுத்தினார்கள். நாள் முழுக்கக் கண் எரிந்தது. தெருவில் எல்லோருக்கும்தான்.

கோகிலா ஸ்வெட்டரின் ஒரு கையை முடித்துவிட்டாள். இன்னொரு கை பாக்கி.

ஜனவரி 17

காணும் பொங்கல். கூட்டம் அதிகமாக இருக்கும், தனியாகப் போக வேண்டாம் என்று சொல்லி நானும் கூடப் போனேன். கோகிலாவுக்கு அதில் சந்தோஷம். பஸ்ஸில் கடைசிவரை ஸ்வெட்டரைப் பின்னிக்கொண்டே வந்தாள். அடிவாரத்தில் கடைசி முடிச்சைப் போட்டுப் பல்லால் நூலைக் கடித்தாள். "அவன் அளவு எனக்குத் தெரியும்" என்றாள்.

கொட்டகைக்குள் கால் வைக்க இடமில்லை. ஊர் முழுக்கப் புதுத்துணி போட்டிருந்தது. நீதிபதிக்கு ஏதோ கல்லூரியின் டி-ஷர்ட். கடைசிப் பெஞ்சில் மஞ்சள் சட்டை. நெஞ்சில் கரடிப் படம். முதுகில் வகுந்து ஆணி அடித்திருந்தது. கை போய்வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் "ஒண்ணுக்கு! ஒண்ணுக்கு!" என்று கத்தினார்கள்.

கோகிலா முதலில் பெஞ்சு மாறிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். மற்றப் பெஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு மறுபடி இங்கேயே வந்தாள். எஸ்தர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"வந்துட்டீங்களாக்கா? மனசத் தேத்திக்கிட்டீங்களே, அதுவே பெருசு. எனக்குத்தான் கை வரல. கடைசியா அவனோடதத்தான் போட்டேன்."

"எதப் போட்டீங்க?"

"சட்டைய. சார் போன் பண்ணிச் சொன்னாருங்களே. நீங்களே இதான் நல்லதுன்னு..."

எஸ்தர் என்னைப் பார்த்தார். வாயை மஃப்ளரால் மூடிக்கொண்டார்.

"சாம்பல எங்க கொட்டுனீங்க?" என்று கேட்டாள் கோகிலா.

"பின்னால. ரோசாச் செடிக்கு."

கோகிலா கொட்டகையைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். நானும் போனேன். அவள் செடிகளுக்கு முன்னால் உட்கார்ந்து, விரலால் சாம்பலைக் கிளறினாள். எத்தனையோ வீட்டுத் துணிகளின் சாம்பல். அதில் எது யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது என்று எடுத்துச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கறுத்துப்போன ஒரு கொக்கியை எடுத்தாள். பிறகு இன்னொன்று. வேறு எந்தப் பொம்மைக்கும் யாரும் கொக்கி வைத்துத் தைத்ததில்லை. எல்லாவற்றையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். ஸ்வெட்டரை எஸ்தரிடம் கொடுத்தாள்.

"மஞ்சச் சட்டப் பையனுக்குப் போட்டு உடுங்க. குளுருது" என்றாள்.

மலை இறங்கும்வரை முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டே வந்தாள். சேலம் பஸ் நிலையத்தில் அவள் வேறு பக்கம் நடந்தாள்.

"ஈரோட்டு பஸ் இந்தப் பக்கம்" என்றேன்.

"நான் கோபி போறனுங்க."

"எப்ப வருவே?"

பஸ்ஸின் படியில் ஏறி நின்று திரும்பினாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்க."

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பே."

"ஆமாங்க" என்றாள்.

கோபி பஸ்ஸில் கூட்டம் இல்லை. அவளுக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது.

ஜனவரி 21

மயில்சாமி மினி ஆட்டோ கொண்டுவந்தான். தையல் மெஷின், சேலைகள், பரிதியின் மிச்சத் துணிகள், பள்ளிக்கூடப் பை ஆகியவற்றை ஏற்றினான். காபி வேண்டாம் என்றான்.

"அக்கா அங்கயே இருக்கட்டுமுங்க மச்சான்."

"எவ்வளவு நாளைக்கு?"

"அங்கயே இருக்கட்டுமுங்க" என்றான் மறுபடியும். கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு, "ஆத்துல உடச் சொன்னேன், நீங்க கேக்கல" என்றான்.

ஜனவரி 23

தண்ணீர் கேன் போடுபவர் வந்தார். இனி வாரத்துக்கு ஒரு கேன் போதும் என்று சொன்னேன்.